பிக்-அப்புக்குக் கோல்ட் ஏர் இன்டேக்: பணம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர். செராஸில் எந்தச் சாலைச் சமிக்ஞையில் நின்றாலும் இதில் ஒன்று உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். வார நாளில் கட்டுமானத் தளத்துக்குச் சாமான் ஏற்றும். வார இறுதியில் குடும்பத்தோடு மலைக்கும் அருவிக்கும் கிளம்பும்.

வண்டி வாங்கியவர் முதலில் டயரை மாற்றுவார். அப்புறம் சஸ்பென்ஷன். அதற்கு அடுத்து, ஏதாவது ஒரு பட்டறையில் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்: "கோல்ட் ஏர் இன்டேக் போட்டுப் பாரு, வண்டி பறக்கும். எண்ணெயும் மிச்சம்."

உண்மையிலேயே பறக்குமா? எண்ணெய் மிச்சமாகுமா? எந்த வகையை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோல்ட் ஏர் இன்டேக் என்றால் என்ன?

எஞ்சின் எரிபொருளை மட்டும் வைத்து ஓடாது. அதற்குக் காற்றும் வேண்டும், அதுவும் நிறைய. ஒரு ஹைலக்ஸ் 2.8 டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்க. நிமிடத்துக்கு 3,400 சுற்று வேகத்தில், டர்போவின் உதவி இல்லாமலேயே, அதன் சிலிண்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 4,700 லிட்டர் காற்றை இழுக்கும் அளவுடையவை. டர்போ வேலை செய்யும்போது இது இன்னும் எகிறும்.

இந்தக் காற்று உள்ளே வரும் பாதைதான் இன்டேக். காற்றை இழுக்கும் வாய், ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி, அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய், நடுவில் காற்றின் அளவைக் கணக்கிடும் மாஃப் சென்சார். இவ்வளவுதான்.

சூடான காற்று விரியும், அதன் அடர்த்தி குறையும். 33 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால், அதே கொள்ளளவில் அடங்கும் காற்று சுமார் 8 விழுக்காடு குறையும். காற்று குறைந்தால் எரியும் எரிபொருளும் குறையும். அதனால் போனட்டுக்குள் இருக்கும் சூட்டை விட்டுவிட்டு, வெளிக்காற்றை நேராக இழுத்துக்கொடுப்பதுதான் கோல்ட் ஏர் இன்டேக்கின் வேலை.

பெயரில் 'கோல்ட்' இருக்கிறதே என்று பனிக்காற்றை எதிர்பார்க்காதீங்க. கோலாலம்பூரில் பகல் வெப்பநிலை 32, 33 டிகிரி. இங்கே 'குளிர்ந்த காற்று' என்றால் போனட்டுக்குள் இருப்பதைவிடக் கொஞ்சம் சூடு குறைந்த காற்று, அவ்வளவே.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. இன்றைய பிக்-அப்களில் தொழிற்சாலையிலிருந்து வரும் ஏர் பெட்டியே ஒரு கோல்ட் ஏர் இன்டேக்தான்.

போனட்டைத் திறந்து பாருங்க. ஏர் ஃபில்டர் ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் வாய் எஞ்சினைப் பார்த்து இருக்காது. போனட்டின் முன் விளிம்பையோ ஃபென்டரின் உட்பகுதியையோ நோக்கி இருக்கும். வெளிக்காற்று வரும் இடம் அது. பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியதும் செலவைக் குறைக்க மட்டும் இல்லை. பளபளக்கும் அலுமினியக் குழாயைவிட அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும்.

ஆக, கடையில் நீங்கள் வாங்கப்போவது புதிய வசதி இல்லை. இருக்கும் ஒன்றுக்கு மாற்று. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த மாற்று, தொழிற்சாலைப் பெட்டியைவிட எதில் மேல், எதில் கீழ்?

டர்போ டீசலில் கணக்கு வேறு

யூடியூபில் நாம் பார்க்கும் இன்டேக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. ஃபோர்ட் எஃப்-150, செவ்ரோலெட் சில்வராடோ போன்ற வண்டிகள். அவற்றில் பல, டர்போ இல்லாத பெரிய வி8 பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. அந்த எஞ்சினில் காற்றுப் பாதையைக் கொஞ்சம் தாராளமாக்கினால் சில குதிரைத்திறன் கூட வாய்ப்பு உண்டு.

நம் ஊர்ப் பிக்-அப்களில் பெரும்பாலானவை டர்போ டீசல். இரண்டு காரணங்களால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

முதல் காரணம், டர்போவும் இன்டர்கூலரும். டர்போ காற்றை அழுத்தும்போது அது தானாகவே சூடாகும். 33 டிகிரியில் உள்ளே போகும் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கு அழுத்தினால், வெளியே வரும்போது 130 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். பிறகு இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கும். நீங்கள் நுழைவாயிலில் 10 டிகிரி மிச்சப்படுத்தினாலும், இன்டர்கூலரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும்போது அந்த வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரியாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது காரணம், டீசல் எஞ்சின் ஓடும் முறை. பெட்ரோல் எஞ்சினில் காற்று கூடினால் கணினி அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டும். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அதன் சக்தியைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறது என்பது. அந்த அளவுக்கு எஞ்சின் கணினியில் ஒரு மேல் வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. ஹைலக்ஸ் 2.8-க்கு 204 பிஎஸ் சக்தி, 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று தயாரிப்பாளர் நிர்ணயித்தால், காற்று மட்டும் கூடுவதால் அந்த வரம்பு நகராது.

அப்படியென்றால் போட்டவர்கள் "வித்தியாசம் தெரியுது" என்கிறார்களே? தெரிவது பெரும்பாலும் சத்தம். திறந்த ஃபில்டர் போட்டால் டர்போவின் விசில் சத்தம் தெளிவாகக் கேட்கும். பழைய, அடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டதால் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம். சத்தம் பிடித்திருந்தால் அதற்காகவே வாங்குவதில் தப்பில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

எண்ணெய் மிச்சமாகுமா?

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. பிக்-அப் வைத்திருப்பவர்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து 'எண்ணெய் சேமிப்பு' என்ற வார்த்தைக்குத் தனி மவுசு வந்துவிட்டது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. பெட்ரோல் கார்களில் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கணினி கட்டுப்படுத்தும் நவீன எஞ்சின்களில், அடைத்த ஃபில்டரால் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை. வேகமெடுக்கும் திறன் மட்டும் 6 முதல் 11 விழுக்காடு வரை பாதிக்கப்பட்டது. ஃபில்டர் அடைத்தே போனாலும் எரிபொருள் செலவு பெரிதாக மாறவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரிலிருந்து இன்னொரு சுத்தமான ஃபில்டருக்கு மாறுவதால் எவ்வளவு மிச்சமாகிவிடும்?

சரி, ஒரு பேச்சுக்கு 1 விழுக்காடு மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் பிக்-அப், 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடித்தால், ஆண்டுக்கு 1,800 லிட்டர். லிட்டர் 3 ரிங்கிட் என்றால் 5,400 ரிங்கிட். அதில் 1 விழுக்காடு 54 ரிங்கிட். இன்டேக்குக்கு 1,000 ரிங்கிட் கொடுத்திருந்தால், போட்ட காசு திரும்பி வர 18 ஆண்டுக்கு மேல் ஆகும். வண்டியே அதுவரை உங்களிடம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

வெள்ளம்: கடைக்காரர் சொல்லாத கேள்வி

சக்தியும் எண்ணெயும் பெரிதாக மாறாது என்றால் இதில் என்னதான் ஆபத்து? அந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதில்தான்.

2021 டிசம்பர் 18-ஆம் தேதியை நினைத்துப் பாருங்க. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும், செராஸை ஒட்டிய உலு லங்காட்டிலும் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட பெருவெள்ளம் தினமும் வருவதில்லை. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் மழை அடித்துப் பெய்தாலே கிள்ளான் பள்ளத்தாக்கில் தாழ்வான சாலைகளில் தண்ணீர் தேங்குவது நமக்குப் புதிதல்ல. "நம்ம வண்டி உயரம்தானே" என்று பிக்-அப் ஓட்டுநர்தான் முதலில் இறங்குவார்.

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரையும், ரேஞ்சர் 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரையும் கடக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த எண் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட நிலையில் உள்ள வண்டிக்குரியது. காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் அதில் அடக்கம். அந்த வாயைக் கீழே இறக்கிவிட்டால், விளம்பரத்தாளில் உள்ள 700, 800 உங்களுக்குப் பொருந்தாது.

சில கிட்களில் குழாய் நீளமாக இறங்கி, ஃபில்டர் முன் பம்பருக்குப் பின்னாலோ ஃபென்டருக்கு அடியிலோ தொங்கும். அங்கே காற்று குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மைதான். தண்ணீர் முதலில் வந்து சேரும் இடமும் அதுதான்.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும்? காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஹைலக்ஸ் 2.8-இன் ஒரு சிலிண்டர் சுமார் 689 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 15.6-க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் வெறும் 47 கன சென்டிமீட்டர்தான். வீட்டில் அளந்தால் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர். அதற்கு மேல் ஒரு சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் மேலே போக முடியாமல் முட்டும், கனெக்டிங் ராட் வளையும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். அதன் பிறகு பேச வேண்டியது இன்டேக் விலையைப் பற்றி அல்ல, எஞ்சின் விலையைப் பற்றி.

தண்ணீரில் வண்டி நின்றுபோனால் ஒன்றை மட்டும் மறக்காதீங்க: மறுபடியும் ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்க.

ஃபில்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளத்துக்கு அடுத்த எதிரி தூசி. பாலாக்கோங் தொழிற்பேட்டை, செமினி பக்கத்துக் கட்டுமானத் தளங்கள், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை என்று அலையும் வண்டிக்கு ஃபில்டர்தான் உயிர். நுண்ணிய மணல் துகள் உள்ளே போனால் டர்போவின் இறக்கைகளையும் பிஸ்டன் வளையங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். உடனே தெரியாது. தெரியும்போது எஞ்சின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்திருக்கும்.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற அனைத்துலகத் தரமுறை இருக்கிறது. எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, எவ்வளவு தாங்கும், காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று மூன்றையும் அது அளக்கும். கடையில் "எத்தனை விழுக்காடு காற்று கூடுதலாக வரும்?" என்று கேட்பதைவிட, "ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவு இருக்கா?" என்று கேளுங்க.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஃபில்டர் 99.5 விழுக்காடு தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 99 விழுக்காடு. பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் முதலாவது 0.5 விழுக்காட்டை உள்ளே விடுகிறது, இரண்டாவது 1 விழுக்காட்டை. எஞ்சினுக்குள் போகும் தூசி இரண்டு மடங்கு.

பருத்தித் துணியில் எண்ணெய் தடவிய ஃபில்டரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். அது வசதிதான். ஆனால் கழுவிய பிறகு எண்ணெயை அதிகமாகத் தடவிவிட்டால், அது மாஃப் சென்சாரின் மெல்லிய கம்பியில் போய் ஒட்டும். சென்சார் தப்பான அளவைச் சொல்லும், எச்சரிக்கை விளக்கு எரியும். கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவும் பொறுமை இல்லாதவர்களுக்குச் சாதாரணத் தாள் ஃபில்டரே நல்லது.

எந்த வகை யாருக்கு?

தாள் ஃபில்டர், தொழிற்சாலைப் பெட்டியிலேயே: தினமும் வேலைக்கு ஓடும் வண்டிக்கு இதுவே போதும். கிட் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். தூசியில் ஓடினால் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றுங்க.

கழுவிப் பயன்படுத்தும் மாற்று ஃபில்டர், அதே பெட்டியில்: பெட்டியும் காற்று வாயும் அப்படியே இருக்கும். ஆபத்து குறைவு. ஓரத்து ரப்பர் பெட்டியோடு இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று பாருங்க. அங்கே ஓட்டை இருந்தால் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும்.

மூடிய பெட்டியோடு வரும் முழுக் கிட்: மாற்றியே ஆக வேண்டும் என்றால் இந்த வகையைப் பாருங்க. பெட்டி முழுவதும் மூடியிருக்க வேண்டும். காற்று வாய் பழைய இடத்திலேயே, பழைய உயரத்திலேயே இருக்க வேண்டும். மாஃப் சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். விட்டம் மாறினால் சென்சாரின் கணக்கும் மாறும்.

போனட்டுக்குள் திறந்திருக்கும் கூம்பு ஃபில்டர்: பெயர் கோல்ட் ஏர், இழுப்பதோ சூடான காற்று. செராஸ்–காஜாங் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சினின் சூடு முழுவதையும் இதுதான் வாங்கும். சத்தம் மட்டும் லாபம்.

பம்பருக்குக் கீழே இறங்கும் நீளக் குழாய்: நம் ஊர் மழைக்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்நோர்கல்: காற்று வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கும். காட்டுப் பாதையில் ஆறு கடப்பவர்களுக்கும் தூசியில் அணிவகுத்துப் போகிறவர்களுக்கும் பயன்படும். ஆனால் ஒவ்வோர் இணைப்பும் நீர் புகாமல் அடைத்திருக்க வேண்டும். தனியாக அதை மாட்டிவிட்டதால் வண்டி படகாகிவிடாது. மின்கம்பிகளும் கியர் பெட்டியின் காற்றுக் குழாயும் இன்னும் பழைய உயரத்தில்தான் இருக்கும்.

சட்டம், உத்தரவாதம், காப்புறுதி

வாகனத்தில் செய்யும் மாற்றங்கள் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதன் கீழுள்ள விதிகளுக்கும் உட்பட்டவை. வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லிக் கேட்டுவிடுங்க. பட்டறையில் "எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது அனுமதி ஆகாது. கழற்றிய தொழிற்சாலைப் பெட்டியைத் தூக்கி எறியாமல் வீட்டில் பத்திரமாக வையுங்க. வண்டியை விற்கும்போது, பெயர் மாற்றத்துக்கான சோதனைக்கு முன் திரும்பப் பொருத்த வேண்டி வரலாம்.

இன்டேக்கோடு சேர்த்து "கணினியையும் ரீமேப் பண்ணிடலாம்" என்று சொன்னால் கொஞ்சம் யோசிங்க. சக்தி கூடுவது உண்மையில் அந்த ரீமேப்பால்தான். கூடுதல் டீசல் தெளித்துக் கறும்புகை வந்தால், அது வேறு சட்டத்துக்குள் போகும். 1996 டீசல் எஞ்சின் புகை விதிமுறைகள்படி புகை அளவு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது.

வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் உத்தரவாதக் கையேட்டில் 'மாற்றங்கள்' என்ற பகுதியைப் படிங்க. டர்போவோ சென்சாரோ பழுதானால் சர்வீஸ் மையம் முதலில் கேட்கப்போவது இன்டேக்கைப் பற்றித்தான்.

காப்புறுதியில் இரண்டு விஷயம். வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் பெரும்பாலும் தானாகச் சேராது. சிறப்புப் பேரிடர் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று காப்புறுதி நிறுவனம் கேட்டால், 2013 நிதிச் சேவைகள் சட்டப்படி கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது உங்கள் கடமை. மறைத்துவிட்டு வெள்ளத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

போலிப் பொருளோ, சொன்னபடி இல்லாத பொருளோ சிக்கினால்? சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியது என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்தி வையுங்க.

வாங்குவதற்கு முன் ஒரு வாரச் சோதனை

ஓபிடி கருவி ஒன்றை வாங்கி வண்டியின் சோதனைப் புள்ளியில் மாட்டிக் கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளுங்க. அதில் 'உள்ளிழுக்கும் காற்று வெப்பநிலை' காட்டும். அது மாஃப் சென்சாரிடம், அதாவது டர்போவுக்கு முன் அளக்கப்பட்டதா என்று பட்டறையில் உறுதி செய்துகொள்ளுங்க. இன்டர்கூலருக்குப் பிறகு எடுத்த அளவு வேறு கதை சொல்லும்.

ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்க. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணை வெளி வெப்பநிலையோடு ஒப்பிடுங்க. ஓட்டும்போது நீங்களே கைப்பேசியைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். வித்தியாசம் சில டிகிரிதான் என்றால், உங்கள் தொழிற்சாலைப் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்கு மேல் குளிர்விக்க எந்தக் கிட்டாலும் முடியாது. வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்று எங்கிருந்து வரும்?

வித்தியாசம் 15, 20 டிகிரி என்று காட்டினால், முதலில் பெட்டியைத் திறந்து பாருங்க. காற்று வாயில் இலை அடைத்திருக்கலாம். குழாய் கழன்றிருக்கலாம். பெட்டியின் மூடி சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் காசே ஆகாது.

அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் கடையில் நான்கு கேள்வி கேளுங்க. காற்று வாய் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும்? பெட்டி முழுவதும் மூடியதா? ஐஎஸ்ஓ 5011 முடிவு இருக்கிறதா? சென்சார் குழாயின் விட்டம் பழையதுதானா? நான்குக்கும் நேரான பதில் சொல்லும் கடையில் வாங்குங்க. முதல் கேள்விக்கே "அதெல்லாம் பிரச்சனை இல்லை பாஸ்" என்று பதில் வந்தால், ஒரு புதிய தாள் ஃபில்டரை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்க.